களத்தில் நடந்த கால் நிலைப்படியில் நின்றது: ஏற்காட்டு மலையில் ஒரு பார்க்கின்சன் மறுவாழ்வு நிகழ்வு ஆய்வு

நோயாளியும் பின்னணியும்

இந்த ஆய்வுக்கு உரியவர் 67 வயது ஆண். ஏற்காட்டுக்கு அப்பால் உள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் இளம் வயதிலேயே வேலைக்குச் சேர்ந்து, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். மனைவி, மகன், மருமகள், எட்டாம் வகுப்பில் படிக்கும் பேரன் ஆகியோருடன் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீட்டில் வசிக்கிறார். மகனும் மருமகளும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், பகல் முழுவதும் அவரைப் பார்த்துக்கொள்பவர் மனைவிதான். குடும்பத்தாரின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். நான் சேலத்தில் பிசியோதெரபி சிகிச்சை அளிப்பவன். மருத்துவமனையில் நாங்கள் எடுத்த அளவுகளுக்கும் வீட்டில் அவர் பட்ட பாட்டுக்கும் இடையே இருந்த தூரம் மிகப் பெரியது. அந்தத் தூரத்தை அறியாமல் வகுக்கும் பயிற்சித் திட்டம் எதுவும் பார்க்கின்சன் நோயாளிக்குப் பயன்படாது என்று உறுதியாகக் கருதுவதால்தான் இந்த நிகழ்வை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

வலது கை நடுக்கத்துக்காக ஆறு ஆண்டுகளுக்கு முன்பு சேலத்துக்கு வந்தபோது நோய் கண்டறியப்பட்டது. ஆனால் அறிகுறிகள் அதற்கும் பல ஆண்டுகள் முந்தியவை. தோட்டத்து ஆள்களின் வருகையைக் குறிக்க அவர் எழுதிவந்த செக்ரோல் என்ற பதிவேட்டில் வரியின் தொடக்கத்தில் கடலைப் பருப்பளவு இருந்த எழுத்து வரி முடிவதற்குள் கடுகளவு ஆகிவிடுகிறது என்று தோட்டத்து எழுத்தர் குறைபட்டிருக்கிறார். கோடையின் முதல் மழை விழுந்த எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகை போன்ற வாசம் மலையெங்கும் பரவும். அந்த வாசம் தனக்கு மட்டும் வெகு காலமாகத் தெரியவில்லை என்று அவரே சொன்னார். தூக்கத்தில் கத்துவதும் கையை ஓங்கி அடிப்பதும் மனைவிக்குப் பழகிப்போயிருந்தன. மலச்சிக்கலும் நெடுநாளாக இருந்தது. எழுத்து சிறுத்தல், மோப்பம் குறைதல், கனவுக்கேற்பத் தூக்கத்தில் உடல் அசைதல், மலச்சிக்கல் ஆகிய நான்கும் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வரக்கூடியவை. நான்கும் இவரிடம் இருந்தன, ஆனால் யாரும் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1817இல் இந்த நோயை விவரித்தபோது நடுக்கம், முன்னோக்கிக் குனிந்த உடல், ஓட்டமாக மாறும் நடை ஆகியவற்றை எழுதினார். நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதே உடலியக்கம் குன்றுவதற்குக் காரணம் என்பது அதற்கு நூறாண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் தெளிவானது. தோட்டத்தில் அடித்த களைக்கொல்லிதான் இதற்குக் காரணமா என்று மகன் கேட்டார். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் பார்க்கின்சனுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் தனி ஒருவருக்கு நோய் இதனால்தான் வந்தது என்று யாராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்ட மகனே இன்றும் முதுகில் தெளிப்பானைச் சுமப்பவர் என்பதால், கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை ஆகியவை இல்லாமல் மருந்து அடிக்கக் கூடாது என்று அவரிடம் அழுத்திச் சொன்னேன்.

முதல் மதிப்பீடு

நரம்பியல் மருத்துவரின் பரிந்துரையோடு என்னிடம் வந்தபோது நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைக் காட்டும் ஹோன்–யார் அளவுகோலில் அவர் மூன்றாம் நிலையில் இருந்தார். இரு பக்கமும் பாதிப்பு உண்டு, சமநிலை தளர்ந்துவிட்டது, ஆனால் பிறர் துணையின்றி நடமாட முடியும் என்பது இந்த நிலையின் பொருள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனைக்கு 24 வினாடிகள் ஆயின. நடந்த நேரத்தை விடத் திரும்புவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். ஒரே இடத்தில் ஏழெட்டுச் சிற்றடிகள் வைத்துத்தான் உடலைத் திருப்பினார். பின்னாலிருந்து தோளை இழுத்துப் பார்த்தபோது, பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார். குரல் மெலிந்து, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காதபடி இருந்தது. படுத்திருக்கும்போது 130/80 இருந்த இரத்த அழுத்தம், எழுந்து நின்ற மூன்றாவது நிமிடத்தில் 104/70 ஆகக் குறைந்தது.

அவர் கீழே விழுவதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். எப்போது, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது என்று கேட்டால் "எப்பப் பாத்தாலும் விழுறாருங்க" என்பதே பதிலாக இருந்தது. இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்தச் சிகிச்சையும் தொடங்க முடியாது. ஆகவே ஒரு குறிப்பேடு போடச் சொன்னேன். அவரே பழைய செக்ரோல் நோட்டு ஒன்றை எடுத்து, ஆள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தேதியும், மேலே மணிக்கணக்கும் வருமாறு பேரனைக் கோடு போடச் சொல்லியிருக்கிறார். நன்றாக நடமாடிய மணிக்கு ஒரு கூட்டல் குறி, கால் ஒட்டிக்கொண்ட மணிக்குச் சுழியம், கை கால் தானாக நெளிந்த மணிக்கு அலைக்கோடு, விழுந்தால் பெருக்கல் குறி, மாத்திரை போட்ட மணிக்கு மேலே புள்ளி. பேரன் பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு மனைவி நினைவில் வைத்திருந்து மாலையில் சொல்ல, பையன் எழுதினான். வாழ்நாள் முழுவதும் பிறர் வருகையைப் பதிவு செய்தவர் தன் உடலின் வருகையைப் பதிவு செய்ததில் காட்டிய ஒழுங்கு, நான் பார்த்த எந்த நோயாளியின் குறிப்பேட்டிலும் இருந்ததில்லை.

அந்த நோட்டு மூன்று செய்திகளைச் சொன்னது. பெருக்கல் குறிகளில் பெரும்பாலானவை விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் விழுந்திருந்தன. அலைக்கோடுகள் நண்பகலை ஒட்டி வந்தன. சேலத்துக்கு வந்துபோன நாளிலும் அதற்கு மறுநாளிலும் சுழியங்கள் நிறைந்திருந்தன.

பேருந்தும் மாத்திரையும்

மூன்றாவது செய்தியிலிருந்து தொடங்கினோம். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து சேலத்துக்கு இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன; அவருக்கு ஒவ்வொரு முறையும் வாந்தி வரும். ஆகவே கிளம்பும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல், கடையில் கேட்டு வாங்கிய வாந்தி மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அட்டையை வாங்கிப் பார்த்தேன், அது மெட்டோகுளோபிரமைடு. டோபமின் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடும் மருந்து அது. பார்க்கின்சன் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாதவற்றில் முதன்மையானது. பயண வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் பரவலாக விற்கப்படும் சின்னரிசினும், புரோமெத்தசினும் இதே வகையில் தீங்கு செய்யக்கூடியவை. ஆக, மருத்துவர் முன் அவர் உட்காரும்போதெல்லாம் பார்க்கின்சன் மருந்து உடலில் இல்லை. அதற்கு எதிரான மருந்து இருந்தது. அந்த நிலையைப் பார்த்து மருந்தின் அளவு ஒவ்வொரு வருகையிலும் கூடியது. கூடிய அளவு வீட்டில், வாந்தி மாத்திரை இல்லாத நாள்களில், நண்பகல் நேரத்தில் கை கால்களை நெளிய வைத்தது.

நெளிவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று பூனைக்காலி விதைப் பொடியைப் பாலில் கலந்து பகலில் குடித்து வந்திருக்கிறார். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. மூளைக்குள் போய் டோபமினாக மாறும் லெவோடோபாதான் அவருடைய பார்க்கின்சன் மாத்திரையில் உள்ள மருந்து. பூனைக்காலி விதையில் அதே லெவோடோபா இருப்பதை 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். பார்க்கின்சனுக்கு லெவோடோபா மருந்தாவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அது நடந்தது. சிக்கல் எங்கே என்றால், மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று தெரியும், பொடியில் தெரியாது. ஏற்கெனவே லெவோடோபா எடுப்பவர் கணக்கில்லாமல் இன்னும் சேர்த்துக்கொண்டால் நெளிவும், குமட்டலும், இரத்த அழுத்தக் குறைவும் வரும். பொடியைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். திட்டுவார்கள் என்று பயந்து நம் மக்கள் இத்தகையவற்றை மறைத்துவிடுவதால் எத்தனை பேருக்கு மருந்தளவு தவறிப்போகிறது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கேட்கும் நாமும் திட்டாமல் கேட்கப் பழக வேண்டும்.

நரம்பியல் மருத்துவர் நோட்டைப் பார்த்த பிறகு பொடியை நிறுத்தி, மொத்த அளவைக் கூட்டாமல், ஒரு நாளைக்கு மூன்று வேளையாக இருந்ததைச் சிறு அளவுகளாக ஐந்து வேளையாகப் பிரித்தார். இரவுக்கு மெதுவாகக் கரையும் மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். பழைய இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் குறைத்தார். மாத்திரையைப் பால் டீயோடு விழுங்கும் பழக்கம் மாறி, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு தண்ணீரோடு எடுப்பது என்றானது. புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளையின் வாசலிலும் ஒரே வழியில் போட்டியிடுவதால், புரதம் மிகுந்த உணவோடு போடும் மாத்திரை பாதி வீணாகும். பருப்பும் முட்டையும் இரவு உணவுக்கு மாறின. தவிர்க்க வேண்டியவை என்று மெட்டோகுளோபிரமைடு, சின்னரிசின், புரோமெத்தசின், டோபமினை அடைக்கும் மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் ஆகிய நான்கு பெயர்களையும் தமிழில் எழுதி, மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டிக் கொடுத்தேன். பேருந்தில் முன் இருக்கை, வெறும் வயிறாகவும் இல்லாமல் நிறையச் சாப்பிடாமலும் கிளம்புதல் ஆகிய இரண்டுமே வாந்தியைப் பெரிதும் தணித்தன.

வீட்டில் கண்டவை

அவர் வீட்டுக்குப் போனபோது முதலில் என் கண்ணில் பட்டது வாசலுக்கு எதிரே இருந்த காப்பிக் காயவைக்கும் களம். சிமெண்டுத் தளம், ஈரத்தில் கயிறு வைத்து அழுத்தி, ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள். "களத்துல மட்டும் நல்லா நடக்குறாருங்க, வீட்டுக்குள்ள காலு வரமாட்டேங்குது, என்னமோ வீட்டுக்கு வர இஷ்டமில்லாத மாதிரி" என்று மனைவி சொன்னார். அவர் குரலில் மனத்தாங்கல் இருந்தது. உண்மையில் அவர் களத்தில் நடப்பதைப் பார்த்தவர் எவரும் அவரை நோயாளி என்று சொல்லமாட்டார்கள்: ஒவ்வொரு கோட்டையும் தாண்டி, குதிகால் முதலில் படும்படி, கையையும் வீசி நடந்தார். அதே மனிதர் வீட்டு நிலைப்படிக்கு இரண்டடி முன்னால் வந்ததும் அடிகள் சிறுத்து, வேகம் கூடி, பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார். உடல் முன்னால் போக, கால் பின்னால் தங்கியது. மனைவி பதறிக் கையைப் பிடித்து இழுத்தார், அப்போதுதான் விழப்போனார்.

கால் உறைதல் என்று நாங்கள் சொல்லும் இந்நிலை குறுகிய வழிகளிலும், திரும்பும் இடத்திலும், அவசரத்திலும், மருந்தின் வீரியம் குறைந்த நேரத்திலும் கூடும். நடை என்பது நம்மிடம் நினைக்காமலே ஓடும் செயல். அதை ஓட்டும் மூளைப் பகுதி பார்க்கின்சனில் தளர்ந்துவிடுகிறது. கண்முன்னே ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்ட வேண்டும் என்ற முடிவை மூளை வேறு வழியாக எடுக்கிறது. காதில் ஒரு தாளம் கேட்டாலும் அப்படியே. அந்தக் களத்தின் கோடுகள் யாரும் திட்டமிடாமலே அவருக்குச் சிகிச்சை அளித்து வந்திருக்கின்றன. இதை மனைவிக்கு விளக்கிச் சொன்னபோது அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, இத்தனை நாளாகப் பிடிவாதம் என்று நினைத்துச் சண்டை போட்டதாகச் சொன்னார். இந்த ஒரு விளக்கம் அந்த வீட்டில் ஏற்படுத்திய மாற்றத்தை எந்த அளவுகோலாலும் அளக்க முடியாது.

விடியற்காலை விழுவதன் காரணமும் வீட்டில்தான் தெரிந்தது. நடுவில் தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் கனத்த கம்பளியைப் போர்த்திப் படுத்திருந்தார். தொய்ந்த கட்டிலில் புரண்டு படுப்பது நல்ல உடம்புக்காரருக்கே எளிதல்ல. இரவு எட்டு மணிக்குப் போட்ட மாத்திரையின் வேலை நள்ளிரவுக்குள் முடிந்துபோக, விறைத்த உடலோடு சிறுநீர் அவசரத்தில் ஒரேயடியாக எழுந்து, இரத்த அழுத்தம் குறைந்து கண் இருட்ட, இருட்டில் நிலைப்படியைத் தாண்டி வெளியே இருந்த கழிப்பறைக்குப் போக முயன்றிருக்கிறார். கால் உறையவும் தலை சுற்றவும் காரணமான அனைத்தும் அந்தப் பத்தடித் தூரத்தில் கூடியிருந்தன.

சிகிச்சை

நிலைப்படிக்கு உள்ளேயும் வெளியேயும், அவருடைய நல்ல நேரத்து அடியின் நீளத்தை அளந்து, மஞ்சள் பெயிண்டால் குறுக்குக் கோடுகள் போட்டோம். படுக்கையிலிருந்து வாசல் வரைக்கும், கழிப்பறைக்கு முன்னும் அப்படியே. கயிற்றுக் கட்டிலுக்குப் பதில் மரப்பலகைக் கட்டிலும் கெட்டியான மெத்தையும் வந்தன. தலைமாட்டுக் கால்களின் கீழ் செங்கல் வைத்துச் சற்று உயர்த்தினோம். கம்பளிக்கு உள்ளே வழவழப்பான துணியைத் தைத்தது மருமகளின் யோசனை. புரள்வது அதனால் எளிதாயிற்று. இரவில் சிறுநீருக்குக் கட்டிலருகே ஒரு கேன் வைத்தோம். எழுவதற்கு முன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கணுக்காலை ஆட்டிவிட்டு, கொஞ்சம் தண்ணீர் குடித்து, அதன் பிறகே நிற்பது என்று பழக்கினோம்.

கால் ஒட்டிக்கொண்டால் யாரும் இழுக்கக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது என்பதே குடும்பத்துக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். அவர் நிற்க வேண்டும், மூச்சு விட வேண்டும், எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு இரண்டு முறை மாற்ற வேண்டும், பிறகு தூக்கி ஒரு பெரிய அடி வைக்க வேண்டும். "நில்லுங்க, சாயுங்க, தாண்டுங்க" என்று மனைவி நிதானமாகச் சொல்வார். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல், மாட்டு வண்டி திரும்புவதைப் போல் அகலமாக வளைந்து வரப் பழக்கினோம்.

பயிற்சிகள் அனைத்தும் மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள், உடல் இளகியிருக்கும் வேளையில் களத்தில் நடந்தன. பெரிய அடி, பெரிய கைவீச்சு, உடம்பை முறுக்கித் திருப்புதல், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுதல், நாலாப்பக்கமும் அடி வைத்துச் சமநிலை காத்தல் என்று தொடங்கி, நடந்துகொண்டே பழைய கூலிக் கணக்கைச் சொல்வது போன்ற இரட்டை வேலைகளுக்கு மெல்ல நகர்ந்தோம். குரலுக்குத் தனியே யோசித்தேன். பார்க்கின்சனில் குரல் மெலிவது நோயாளிக்கே தெரியாது; தான் சாதாரணமாகப் பேசுவதாகவே நினைப்பார். பெருமுயற்சியோடு உரக்கப் பேசும் பயிற்சியை வாரத்துக்கு நான்கு நாளாக நான்கு வாரம் அளிக்கும் முறை ஒன்று உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. அந்த அடர்த்தியில் மலையிலிருந்து சேலத்துக்கு வந்துபோக இயலாது. ஆகவே அதன் அடிப்படையை எடுத்துக்கொண்டு, மேஸ்திரியாக இருந்தபோது காலையில் செய்ததையே செய்யச் சொன்னேன்: களத்தின் ஒரு முனையில் நின்று, மறுமுனையில் நிற்கும் பேரனுக்குக் கேட்கும்படி, பழைய ஆள்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கக் கூப்பிடுவது. முதல் நாள் பெயர்கள் பாதித் தூரத்திலேயே அடங்கின. பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்க்கும் அளவுக்குக் கேட்டது. அன்று அவர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்ததாக மருமகள் சொன்னார்.

பார்க்கின்சன் நோய் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் இடம்பெற்றிருப்பது இந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. பெரும்பாலான குடும்பங்களுக்கும் தெரியாது. நரம்பியல் மருத்துவரின் சான்றோடு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வழிகாட்டினேன். 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் அடங்கும். அதன் வழியாக மலையிலேயே தொடர்ச்சி கிடைக்க ஏற்பாடானது. மலைவாழ் நோயாளிக்கு இதைவிடப் பொருத்தமான உதவி இல்லை.

விளைவும் இன்றைய நிலையும்

நான்கு மாதம் கழித்து, இம்முறை அவர் வீட்டிலேயே, மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்த அளவில், எழுந்து நடந்து திரும்பும் சோதனைக்கு 15 வினாடிகள் ஆயின. இதை முதல் அளவோடு நேரடியாக ஒப்பிடுவது நியாயமல்ல. முதல் அளவு வாந்தி மாத்திரையின் பிடியில் இருந்தபோது எடுத்தது. எனக்கு நம்பிக்கை தருவது நோட்டுதான். விடியற்காலைப் பெருக்கல் குறிகள் அரிதாயின. அலைக்கோடுகள் ஏறக்குறைய மறைந்தன. சுழியங்கள் குறைந்தன, மறையவில்லை: கூட்டமான பேருந்தில் ஏறும்போதும், ரேஷன் கடை வரிசையிலும், யாராவது பின்னால் நின்று அவசரப்படுத்தினாலும் கால் இன்றும் ஒட்டிக்கொள்கிறது.

கார்த்திகை தொடங்கிக் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போக, களம் முழுக்கக் காப்பி காய, பயிற்சி ஏறக்குறைய நின்றுபோனது. தை முடிவதற்குள் அடிகள் மீண்டும் சிறுத்தன. மார்கழிக் குளிரும் சேர்ந்துகொண்டது. பார்க்கின்சனில் பயிற்சி என்பது ஒரு முறை செய்து முடிக்கும் சிகிச்சை அன்று என்பதை அந்தக் குடும்பமும் நானும் கண்கூடாகப் பார்த்தோம். இந்த ஆண்டுப் பருவத்துக்காக வீட்டின் பக்கவாட்டில் பதினைந்தடி நீளத்துக்குத் தனியே ஒரு தளம் போட்டு, அதிலும் கயிற்றுக் கோடு இட்டிருக்கிறார் மகன்.

மனைவியின் உடல்நிலையையும் இப்போது கவனிக்கத் தொடங்கியிருக்கிறோம். ஆண்டுக்கணக்கில் அவர் ஓர் இரவுகூட முழுதாகத் தூங்கியதில்லை. வாரத்தில் இரண்டு இரவு மகன் அப்பாவின் அறையில் படுப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கும்போது கணவருக்கு அண்மையில் இருமல் வருகிறது. விழுங்கும் தசைகளும் தளர்வதன் தொடக்கமாக இது இருக்கலாம். உணவோ நீரோ மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வருவது இந்நோயாளிகளின் உயிருக்கு நேரும் பெரும் ஆபத்து. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை நெஞ்சை நோக்கிச் சற்றே தாழ்த்தி, சிறு மடக்காகக் குடிக்கச் சொல்லியிருக்கிறேன். விழுங்குதலைச் சோதிக்க அடுத்த வாரம் சேலம் வருகிறார். காலை மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட்டுக்கொண்டுதான் பேருந்து ஏற வேண்டும் என்று குறிப்பேட்டின் அந்தத் தேதிக்கு நேரே பேரன் எழுதி வைத்திருக்கிறான்.